பருத்திப்பால் பொடியில் நான் போட்ட 5,98,000 ரூபாய்

பழைய கணக்கு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் 5,98,000 என்று போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்திருக்கிறேன். ஒரு பொருளைப் புதிதாகக் கொண்டுவந்து கடையில் வைக்க நான் செலவழித்த பணம் அது. நாள் கணக்கில் சொன்னால் 2021 ஜூலையிலிருந்து 2023 அக்டோபர் வரை, இரண்டு வருஷம் மூன்று மாதம். அந்த நாட்களில் என்னிடம் உட்கார்ந்து, "இதை முதல்ல செய்யாதம்மா, அதை முதல்ல செய்" என்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால் இதில் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும். வீட்டிலேயே செய்து பழகிய ஒன்றைப் பாக்கெட் போட்டு விற்கலாம் என்று நினைக்கிற யாராவது இதைப் படித்தால் போதும்.

மதுரைப் பக்கம் கப்பலூரில் ஒரு கம்பெனியில் பதினான்கு வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தேன். கொரோனா இரண்டாம் அலை முடிந்த கையோடு ஆட்களைக் குறைத்தார்கள், அதில் நானும் ஒருத்தி. வீட்டுக்காரர் துபாயில். வீட்டில் நானும் பையனும் அத்தையும் மட்டும். எங்கள் அத்தை வைக்கிற பருத்திப்பாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பருத்திக் கொட்டையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் ஆட்டி, வேட்டித் துணியில் மூன்று தடவை பிழிவார். பச்சரிசி மாவைக் கரைத்து ஊற்றி, அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருந்து, வடிகட்டிய கருப்பட்டிப் பாகு, சுக்கு, ஏலக்காய் போட்டு இறக்கும்போது தெருவுக்கே மணக்கும். மதுரையில் தள்ளுவண்டிக்குத் தள்ளுவண்டி கிடைக்கிறதுதான். ஆனால் சென்னைக்கும் பெங்களூருக்கும் போன எங்கள் ஊர்ப் பிள்ளைகள் போன் செய்தால் முதலில் ஏங்குவது இதற்குத்தான். பொடியாகக் கொடுத்தால் வெந்நீரில் கலந்து குடித்துக்கொள்வார்களே என்று தோன்றியது. இன்றைக்கும் அந்த யோசனை தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். யோசனை சரி, அதற்குப் பிறகு நான் பணம் போட்ட வரிசைதான் தப்பு.

நான் செய்த வரிசை இது. முதலில் ஷெட் பிடித்தேன். அப்புறம் தட்டுத் தட்டாக அடுக்கிக் காயவைக்கிற பழைய டிரே டிரையர் ஒன்றை 1,35,000 கொடுத்து வாங்கினேன், அதோடு 42,000-க்கு பல்வரைசர் என்கிற அரவை மிஷின் ஒன்று. பாலைப் பிழிந்து, காய்ச்சி, தட்டில் ஊற்றிக் காயவைத்து, ஏடு ஏடாக உரித்து அரைத்தால் பொடி. அதோடு கருப்பட்டித் தூள், வறுத்த அரிசி மாவு, சுக்கு கலந்தால் முடிந்தது என்று நினைத்தேன். சின்ன அளவில் செய்து பார்த்தபோது நன்றாகவே வந்தது. ஆனால் செய்த அன்றைக்குக் கலக்கிக் குடித்தேன், மறுநாள் குடித்தேன், ஒரு வாரம் கழித்துக் குடித்தேன், அவ்வளவுதான். கடை ராக்கில் நான்கு மாதம் உட்காரப் போகிற பொருளை ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்று முடிவெடுத்தேன்.

மிஷின் வாங்குகிற விஷயத்தில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சின்ன உணவுத் தொழில்களுக்கு பிஎம்எஃப்எம்இ என்ற திட்டம் 2020-லேயே வந்துவிட்டது. வங்கிக் கடனோடு சேர்ந்து திட்டச் செலவில் 35 சதவீதம், 10 லட்சம் ரூபாய் வரை மானியம். நான் கையில் இருந்த பிஎஃப் பணத்தை எடுத்து மிஷினை வாங்கி, ஷெட்டில் இறக்கி, சந்தனம் குங்குமமும் வைத்த பிறகுதான் இது எனக்குத் தெரிய வந்தது. சொந்தக் காசில் வாங்கி முடித்ததற்கு யாரும் மானியம் தர மாட்டார்கள். எந்த மிஷினுக்கும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு தடவை போய், அந்த நேரத்தில் என்ன திட்டம் நடப்பில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்து பை. இதுதான் என்னைச் சாய்த்தது. கடையில் பார்த்தால் கை தானாகப் போய் எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஆறு கலரில் டிசைன் போட்டேன். மீனாட்சி அம்மன் கோயில் கோபுரம் ஒரு பக்கம், நடுவில் பொடி வெளியே தெரிகிற மாதிரி கண்ணாடி போல ஒரு ஜன்னல். இந்த மாதிரி அச்சுக்கு ஒவ்வொரு கலருக்கும் தனித்தனியாகச் சிலிண்டர், அதாவது செப்புப் பூசிய அச்சு உருளை, செதுக்க வேண்டும். ஒரு சிலிண்டர் 4,500 வீதம் ஆறுக்கு 27,000. அதற்கு மேல் மினிமம் ஆர்டர் 300 கிலோ ஃபிலிம், 1,41,000. ஒரு நல்ல நாளில் ஐம்பது பாக்கெட் போடுகிறவளிடம் முப்பத்தைந்தாயிரம் பைக்கு மேல் வந்து இறங்கின. "அக்கா, கம்மியா அடிச்சா ரேட்டு ஏறும்" என்று அச்சகத்துத் தம்பி சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. முதல் தடவையே அச்சடித்த பை வேண்டுமா என்று நான்தான் யோசிக்கவில்லை. அச்சில்லாத அலுமினிய ஃபாயில் பவுச் கடைகளில் நூறு, இருநூறு என்று சில்லறையாகவே கிடைக்கிறது. அதில் ஸ்டிக்கர் ஒட்டி ஆரம்பித்திருந்தால் இரண்டாயிரம் பைக்குப் பதினைந்தாயிரத்துக்குள் முடிந்திருக்கும். பொருளின் அளவு, விலை, செய்முறை, லேபிள் வாசகம் இந்த நான்கும் ஒரு வருஷமாவது மாறாமல் நிற்கிற வரைக்கும் சிலிண்டர் பக்கமே போகாதீர்கள்.

லேபிள் வாசகம் என்றதும் வயிறு கலங்குகிறது. "சளி, இருமல் தீரும்" என்று பெரிய எழுத்தில் பையில் போட்டிருந்தேன். காலங்காலமாக எல்லாரும் சொல்கிறதுதானே என்று நினைத்தேன். பை வந்து இறங்கிய பிறகு, உணவுத் துறை விதிகள் தெரிந்த ஒரு தோழியிடம் ஆசையாகக் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது. உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும், தடுக்கும் என்று எழுதவே கூடாது, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018-இல் கொண்டுவந்த விளம்பர விதிகளில் இது தெளிவாக இருக்கிறது என்றாள். அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அந்த வரியை மறைக்கத் தனியாக ஒரு ஸ்டிக்கர் அடித்து, முதலில் கடைக்குப் போட எடுத்த இரண்டாயிரம் பையிலும் நானும் அத்தையும் உட்கார்ந்து ஒட்டினோம். உரிமம் வாங்குவது அவ்வளவு கஷ்டமில்லை. நான் வாங்கியபோது வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு மட்டும் போதும், கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். லேபிள்தான் கஷ்டம். பதினான்கு இலக்கப் பதிவு எண், சைவக் குறி, சேர்மானங்கள், சத்து விவரம், பேட்ச் எண், தேதி, எடை, எம்ஆர்பி, முகவரி, புகார் சொல்ல போன் நம்பர் என்று ஒவ்வொன்றுக்கும் விதி உண்டு. காகிதத்தில் பிரின்ட் எடுத்து, விதி தெரிந்தவர் ஒருவரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகு அச்சுக்குக் கொடுங்கள். இந்த வேலைக்கு ஒரு நாள் கூட ஆகாது.

ருசி பார்த்த கதையும் இப்படித்தான். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் ஒரு பெரிய அண்டாவில் நானே கலக்கி, சின்னச் சின்னக் காகிதக் கப்பில் கொடுத்தேன். வாய் நிறையப் பாராட்டினார்கள். அதைப் பெரிய சாட்சியாக எடுத்துக்கொண்டேன். இதைப் பெரிய கம்பெனிக்காரர்களே கோட்டை விட்டிருக்கிறார்கள் என்று பிறகுதான் படித்தேன். கோகோ கோலா 1985 ஏப்ரல் 23-இல் தன் பழைய ருசியை மாற்றிப் புதிய கோக் என்று கொண்டுவந்தது. அதற்கு முன்னால் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேரிடம் ருசிச் சோதனை செய்திருந்தார்கள். ஆனாலும் மக்கள் கொதித்துப் போய், 79 நாளில், ஜூலை 11 அன்று, பழைய ருசியைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரு வாய் குடித்து நன்றாக இருக்கிறது என்று சொல்வது வேறு, காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துத் தினமும் குடிப்பது வேறு.

எனக்கு அது எப்படிப் புரிந்தது என்றால், ஆனையூரில் இருக்கும் ஓர் அக்கா வீட்டில். பாக்கெட் வாங்கியவர், "பொடி கரையவே மாட்டேங்குது" என்று போன் செய்தார். நேரில் போய் அவர் அடுப்படியில் நின்று பார்த்தேன். கொதிக்கிற தண்ணீரில் பொடியை நேராகக் கொட்டினார். அரிசி மாவு சூடு பட்டதும் மேல் பக்கம் வெந்து பிசினாகிவிட்டது, உள்ளே காய்ந்த பொடி அப்படியே உருண்டையாக நின்றது. கரண்டியால் நசுக்க நசுக்க அது வழுக்கிக்கொண்டு ஓடியது. நானும் அத்தையும் எப்போதும் பச்சைத் தண்ணீரில் கரைத்துத்தான் அடுப்பில் வைப்போம். அது எங்கள் கைக்குப் பழகிப்போனதால் பையில் எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. ஐந்து வீட்டுக்கு இலவசமாகக் கொடுத்து, எதுவும் சொல்லித் தராமல், அவர்கள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். இப்போது நான் யாரிடமும் "எப்படி இருக்கு" என்று கேட்பதில்லை. ஒரு பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, பத்து நாள் கழித்துப் போய் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கிறேன். அடுத்ததைக் காசு கொடுத்துக் கேட்கிறார்களா என்று பார்க்கிறேன்.

2023 தை மாதம் கடைகளுக்குப் போட்டேன். 200 கிராம் பாக்கெட், எம்ஆர்பி 120. ஒரு டிஸ்ட்ரிப்யூட்டர் மூலமாக அறுபது கடைக்கு இரண்டாயிரம் பாக்கெட். கணக்குப் பிரிவில் வேலை பார்த்த எனக்கே விலைக் கணக்கு அன்றைக்குச் சரியாக வரவில்லை. சரக்கு 42 ரூபாய், விற்பது 120, எவ்வளவு லாபம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. உண்மைக் கணக்கு இது. 120-இல் கடைக்காரருக்கு 24 போகும். டிஸ்ட்ரிப்யூட்டருக்கு 8. என் கைக்கு வருவது 88. அதில் சரக்கு 42, பை, ஸ்டிக்கர், அட்டைப்பெட்டி சேர்த்து 14, கூலி, கரண்ட், வண்டி சேர்த்து 26. மிஞ்சுவது 6 ரூபாய். ஒரு பாக்கெட் திரும்பி வந்தால் அதில் போட்ட 82 ரூபாயை எடுக்கப் பதினான்கு பாக்கெட் விற்க வேண்டும். ஷெட் வாடகையை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. கம்பெனிகள் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுவார்கள். வாங்குகிறவர் எவ்வளவு கொடுப்பார் என்பதை முதலில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் பங்கையும் கழித்து, மீதி இருப்பதற்குள் பொருளைச் செய்ய முடியுமா என்று பார்ப்பார்கள். முடியாது என்றால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். கடலூரில் சி.கே. ரங்கநாதன் 1983-இல் பதினைந்தாயிரம் ரூபாயோடு சிக் ஷாம்பூ ஆரம்பித்தார். பாட்டில் ஷாம்பூ வாங்க முடியாத குடும்பங்கள் சில்லறை கொடுத்து வாங்குகிற சாஷே என்ற குட்டிப் பாக்கெட்டில்தான் அது ஊரெங்கும் போனது. வாங்குகிறவர் கையில் இருக்கிற காசுதான் அங்கே பாக்கெட்டின் அளவைத் தீர்மானித்தது. நான் 200 கிராம் என்று வைத்ததற்குக் காரணமே இல்லை. பை அழகாக நிற்கும் என்று வைத்தேன்.

மாசி வரைக்கும் போன் வரவில்லை, நல்லபடியாகப் போகிறது என்று சந்தோஷப்பட்டேன். பங்குனி வெயில் ஏறியதும் ஆரம்பித்தது. வில்லாபுரத்தில் ஓர் அண்ணாச்சி கடை. என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு பாக்கெட்டை எடுத்து வந்து, கல்லா மேசையில் மெல்லத் தட்டினார். டொக் என்று சத்தம் வந்தது. "தங்கச்சி, தப்பா நெனைக்காத. வாங்கிட்டுப் போனவங்க திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. பிரிச்சா வாடை வேற வருது" என்றார். அங்கேயே ஓரத்தைக் கிழித்து மோந்து பார்த்தேன். பழைய எண்ணெய்ச் சட்டியின் சிக்கு வாடை. பொடி முழுக்க ஒரே கட்டியாகி, பையின் மடிப்பு கூட அதில் பதிந்திருந்தது. அவர் காசைக் கேட்கவே இல்லை. நான்தான் எண்ணி வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஏறும் வரை தாக்குப்பிடித்தேன், ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. சித்திரைத் திருவிழா முடிவதற்குள் மொத்தம் 1,140 பாக்கெட் திரும்பி வந்தது.

கெட்டுப்போனதை அப்படியே குப்பையில் போட்டால் யாராவது எடுத்து விற்றுவிடக்கூடும் என்று பயமாக இருந்தது. ஒவ்வொரு பாக்கெட்டாகக் கத்தரியால் வெட்டி, கட்டியை அலங்காநல்லூர் பக்கம் தெரிந்தவர் தோட்டத்து எருக்குழியில் கொட்டினேன், பைகளைத் தனியாகக் கட்டிவைத்தேன். தனி ஆளாக மூன்று நாள். கட்டைவிரலில் கொப்புளம் வந்தது, அந்த வாடை சோப்புப் போட்டும் கையை விட்டுப் போகவில்லை. வீட்டுக்காரரிடம் தினமும் போனில் வியாபாரம் பரவாயில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பணம் போனதை விட அந்தப் பொய்தான் என்னை அதிகம் அரித்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏன் கெட்டுச்சுன்னு கண்டுபிடிச்சியா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பதில் தேடித்தான் ஒரு உணவுச் சோதனைக்கூடத்துக்குப் போனேன். அங்கிருந்த மேடம் முதலில் கேட்டது, "காசிபோல் பார்த்தீங்களா?" பருத்திக் கொட்டையில் இயற்கையாகவே இருக்கும் ஒரு நிறமி அது, அளவு மிஞ்சினால் உடம்புக்கு ஆகாது, வேகவைக்கும் சூட்டில் பெரும்பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்றார். நான் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. இரண்டாவது, விதைக்கான கொட்டையா தீவனக் கொட்டையா என்றார். விதைப்புக்கு விற்கும் கொட்டையில் பூச்சி, பூஞ்சை மருந்து பூசியிருப்பார்கள், சாயமும் ஏற்றியிருப்பார்கள், அதைத் தொடவே கூடாது. நல்லவேளை, நான் கீழமாசி வீதியில் பார்த்துப் பார்த்துத்தான் வாங்கியிருந்தேன். கெட்டதற்கான காரணமும் அங்கேதான் தெரிந்தது. பருத்திக் கொட்டை எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலியிக் அமிலம் என்ற கொழுப்பு. அது காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். நான் ஆசையாக வைத்த அந்த ஜன்னல் வழியாகத்தான் வெளிச்சம் போயிருக்கிறது. கருப்பட்டியில் இருக்கும் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். என் பொடியில் ஈரப்பதம் ஏற்கெனவே 8 சதவீதத்துக்கு மேல் இருந்தது. கட்டியாகாமல் என்ன செய்யும்? இதை முன்கூட்டியே பார்க்க வழி உண்டு. 38 டிகிரி சூடு, 90 சதவீத ஈரக்காற்று உள்ள பெட்டியில் பாக்கெட்டை வைத்துப் பார்ப்பார்கள். பத்து டிகிரி கூடினால் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு, அதனால் கடை ராக்கில் தெரிவதை விடச் சீக்கிரமே தெரிந்துவிடும். அந்தச் சோதனைக்கு எனக்குச் சொன்ன தொகை, என் ஆறு சிலிண்டரில் இரண்டின் விலை.

பெரிய கம்பெனிகள் புதுப் பொருள் கொண்டுவருவதைப் பற்றி அப்புறம் நிறையப் படித்தேன். கனடாக்காரர் ராபர்ட் கூப்பர் என்பவர் 1980-களில் எழுதிய ஒரு முறையைப் பலர் பின்பற்றுகிறார்கள். யோசனை, மேலோட்டமான விசாரணை, வியாபாரக் கணக்கு, பொருளை உருவாக்குதல், சோதனை, சந்தை என்று படிப்படியாகப் போவது. ஒவ்வொரு படிக்கும் நடுவில் ஒரு வாசல். வாசலில் நின்று, தொடர்வதா, திருத்துவதா, கைவிடுவதா என்று முடிவெடுத்த பிறகுதான் அடுத்த படிக்குப் பணம் வரும். தொடக்கத்தில் செலவு கம்மி, போகப் போகத்தான் கூடும். அதனால் தேறாத யோசனைகள் சின்னச் செலவிலேயே கழிந்துவிடுகின்றன. எனக்கு வாசலே கிடையாது. திருப்பி விற்க முடியாத செலவு எல்லாவற்றையும் முதல் படியிலேயே செய்துவிட்டேன். தனியாகச் செய்கிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, வாசலில் நின்று வேண்டாம் என்று சொல்ல வேறு ஆள் இல்லை. நான் இப்போது அந்தத் தோழியையும், பழைய ஆபீஸ் நண்பர் ஒருவரையும் அதற்கு வைத்திருக்கிறேன். அவர்கள் இருவரும் சரி என்று சொல்லாமல் ஐயாயிரத்துக்கு மேல் எடுப்பதில்லை.

கேட்க இடமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்ததும் தப்பு. ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வளாகத்தில் இப்படித் தொழில் தொடங்குகிறவர்களுக்கு வழிகாட்டும் மையம் இருக்கிறது. உணவுத் தொழில்நுட்பத்துக்கென்றே தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது, மைசூரில் 1950-இலிருந்து சிஎஃப்டிஆர்ஐ என்ற ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஒத்தக்கடைக்கு டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம். இரண்டு வருஷம் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நோட்டை மூடுவதற்கு முன்னால் முழுக் கணக்கு: டிரையர் 1,35,000, பல்வரைசர் 42,000, பையும் சிலிண்டரும் 1,68,000, ஷெட் 72,000, சரக்கு 92,000, கூலி, கரண்ட், வண்டி 51,000, சோதனை, பதிவு, ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்து 38,000. விற்ற 860 பாக்கெட்டுக்குத் திரும்பி வந்தது 75,680. ஷெட்டை 2023 அக்டோபரில் காலி செய்தேன். மிஷின் இரண்டும் வீட்டு மாடியில் தார்ப்பாய் போட்டு நிற்கின்றன.

இப்போது வேறு ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பொடி. கருப்பட்டியைக் கலக்காமல் தனிச் சின்னப் பையில் போட்டு, பருத்திப் பொடியை ஃபாயில் பவுச்சில் அடைக்கிறேன். சர்க்கரை உள்ளவர்களுக்கும் இதுதான் தோதாக இருக்கிறது. காசிபோல் சோதனை முடிந்த பேட்ச் அது. அதில் முப்பது பாக்கெட்டை, மாடி ஆஸ்பெஸ்டாஸ் அறையில், நல்ல சூடு ஏறுகிற இடத்தில், பேனாவால் தேதி எழுதி அடுக்கியிருக்கிறேன். பதினைந்து நாளுக்கு ஒன்றைப் பிரித்து, அத்தையிடம் பெயர் சொல்லாமல் மோந்து பார்க்கக் கொடுக்கிறேன். போன ஞாயிறு ஒன்பதாவது. அத்தை கண்ணை மூடி மோந்துவிட்டு, "இது நேத்து அரைச்சதா?" என்றார்.